ஆய்வெழுத்துச் செம்மையாக்கம்

ஆய்வெழுத்துச் செம்மையாக்கம் என்பது ஆய்வேடு, ஆய்வுக்கட்டுரை, கள அறிக்கை போன்றவற்றின் கருத்தையும் முடிவையும் மாற்றாமல், வாசகர் ஒரே வாசிப்பில் பொருளைப் பிடித்துக்கொள்ளும்படி மொழியைத் திருத்தும் பணி. ஒற்றுப்பிழை, அச்சுப்பிழை பார்ப்பது மெய்ப்புத் திருத்தம். அது செம்மையாக்கத்துக்குப் பிறகு வருவது. செம்மையாக்குபவர் கேட்கும் கேள்விகள் வேறு: இதைச் செய்தவர் யார், எங்கே செய்தார், எத்தனை பேரிடம் கேட்டார், இந்த வாக்கியம் இல்லாவிட்டால் எது குறையும்?

இந்தப் பணியின் பல முகங்களைச் சிறிய பரப்பில் காண ஏற்ற இடம் புதுச்சேரியின் கிராமப்புறம். வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், அரியாங்குப்பம் ஆகிய ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் நெடுங்காலமாக ஆய்வாளர்களின் களமாக இருந்து வருகின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955இல் தொடங்கியது. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில்தான் அமைந்தது. அது இன்று குருமாம்பேட்டில் இயங்குகிறது. 1985இல் மத்திய பல்கலைக்கழகம் வந்தது. ஏரி, நெல், கல்வெட்டு, மீன்பிடி என்று இங்கே ஆராயப்படாத பொருள் குறைவு. எழுதிய மொழிகளோ பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் என மூன்று. ஆராயப்பட்ட ஊர்க்காரர்கள் அவற்றில் எத்தனையைப் படித்திருப்பார்கள் என்பது தனிக் கேள்வி.

பழைய இலக்கணமும் புதிய கையேடுகளும்

நூல் எழுதுவோருக்குக் குற்றமும் அழகும் வகுத்துச் சொல்லும் வழக்கம் தமிழில் பழையது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம் குற்றம் பத்து, அழகு பத்து என்று பட்டியல் இடுகிறது. அழகுகளில் சுருக்கமும் விளக்கமும் முதல் இரண்டு இடங்களில் அடுத்தடுத்து நிற்கின்றன. குற்றங்களில் முதலில் வருவது குறைத்துச் சொல்வது. அளவுக்கு மிஞ்சிச் சொல்வது அதற்கு அடுத்துத்தான். இன்றைய நடைக் கையேடுகள் பலவும் வெட்டு, வெட்டு என்றே சொல்கின்றன. வெட்டி வெட்டிப் பொருள் குறைந்துவிடும் ஆபத்தை இலக்கணக்காரர்கள் முன்பே பார்த்துவிட்டார்கள்.

ஆங்கிலத்தில் வில்லியம் ஸ்டிரங்க் 1918இல் அச்சிட்ட சிறு கையேடும், ஜோசப் வில்லியம்ஸ் 1981இல் எழுதிய நடைநூலும் இத்துறையில் பெரிதும் பயன்படுபவை. கோப்பனும் ஸ்வானும் 1990இல் எழுதிய அறிவியல் எழுத்து பற்றிய கட்டுரை, வாசகர் வாக்கியத்தின் எந்த இடத்தில் எதை எதிர்பார்க்கிறார் என்பதிலிருந்து தொடங்கியது. எழுவாய்க்கு அருகிலேயே வினை வர வேண்டும் என்பது அவர்களின் முக்கியமான விதிகளில் ஒன்று. வினை இறுதியில் நிற்கும் தமிழுக்கு அதை அப்படியே தூக்கிவந்து பொருத்த முடியாது.

தமிழில் பேரளவில் நடந்த செம்மையாக்கம் என்றால் தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியத்தைச் சொல்ல வேண்டும். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருக்க, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் வந்தன. துறை வல்லுநர் பலர், பல நடைகளில் எழுதித் தந்ததை ஒரே குரலில் படிக்க வைத்தது பதிப்புக்குழுவின் உழைப்பு.

ஆய்வேட்டுத் தமிழ்

தமிழ் ஆய்வேடுகளில் ஊறிப்போன ஒரு நடை உண்டு. மாதிரிக்காக இங்கே எழுதிய ஒரு வாக்கியம்:

“வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்துக்கு உட்பட்ட கிராமங்களில் வசித்து வருகின்ற நெல் சாகுபடியில் ஈடுபட்டுள்ள சிறு மற்றும் குறு விவசாயிகளால் மேற்கொள்ளப்பட்டு வருகின்ற பூச்சிக்கொல்லிப் பயன்பாடு குறித்த ஆய்வானது இந்த ஆய்வாளரால் மேற்கொள்ளப்பட்டதன் அடிப்படையில், பெரும்பாலான விவசாயிகள் பரிந்துரைக்கப்பட்ட அளவைக் காட்டிலும் அதிகமான அளவில் பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்தி வருகின்றனர் என்பது கண்டறியப்பட்டுள்ளது என்பது குறிப்பிடத்தக்கதாகும்.”

இதில் இலக்கணப் பிழை கிடையாது. மெய்ப்புப் பார்ப்பவர் இதைத் தொடாமல் விட்டுவிடுவார். செம்மையாக்குபவர் கையில் இது இப்படி ஆகும்:

“வில்லியனூர் கொம்யூனில் நெல் பயிரிடும் சிறு, குறு உழவர்களின் பூச்சிமருந்துப் பயன்பாட்டை ஆராய்ந்தேன். பெரும்பாலோர் பரிந்துரைத்த அளவுக்கு மேல் அடிக்கிறார்கள்.”

38 சொற்கள் 15 ஆயின. “மேற்கொள்ளப்பட்டு வருகின்ற”, “ஆய்வானது”, “என்பது கண்டறியப்பட்டுள்ளது என்பது” எல்லாம் போயின. பொருளில் எதுவும் குறையவில்லை. தமிழ் வினைமுற்று செய்தவரையும் தன் விகுதியிலேயே தாங்கி நிற்பதால், “இந்த ஆய்வாளரால்” என்ற சுற்றுவழிக்கு வேலையே இல்லை. தன்மை ஒருமையில் எழுதினால் அடக்கமின்மை ஆகிவிடும் என்ற அச்சம் ஆய்வாளர்களிடம் உண்டு. நெறியாளர்களிடம் இன்னும் அதிகமாக உண்டு.

வேலை இத்தோடு முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் தொழில் தெரியாதவர் செய்யும் தவறு. நீண்ட வாக்கியத்தில் மறைந்திருந்த ஓட்டைகள் குறுகிய வாக்கியத்தில்தான் கண்ணில் படுகின்றன. பெரும்பாலோர் என்றால் எத்தனை பேரில் எத்தனை பேர்? பரிந்துரைத்தது யார்: வேளாண் துறையா, மருந்து டப்பாவில் ஒட்டிய தாளா, கடைக்காரரா? எந்தப் பருவம், சொர்ணவாரியா, சம்பாவா? செம்மையாக்குபவர் இவற்றை ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். பதில்களைச் சேர்த்தால் வாக்கியம் மறுபடியும் நீளும். அந்த நீளத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கும். சுருக்குவது சோதனை, எழுத்தாளர் தாம் சொன்னதாக நம்பிக்கொண்டிருந்த எது சொல்லப்படவே இல்லை என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கல் பெயரெச்சத்தில் இருக்கிறது. “அண்மையில் தூர்வாரப்பட்ட ஏரியின் வாய்க்கால்” என்று எழுதினால் தூர்வாரியது ஏரியையா, வாய்க்காலையா? தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே தண்ணீர் பெறும் பாகூர் ஏரியைப் பற்றிய அறிக்கையில் இந்தக் குழப்பம் செலவுக்கணக்கு வரை போகும். “ஏரியின் வாய்க்காலை அண்மையில் தூர்வாரினார்கள்” என்று வினையை முற்றாக்கிவிட்டால் தீர்ந்தது. பேசும்போது யாரும் இப்படித் தடுமாறுவதில்லை. எழுத உட்கார்ந்ததும் எச்சத்தின்மேல் எச்சமாக அடுக்கும் பழக்கம் அரசாணைத் தமிழிலிருந்தும் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்தும் வந்து ஒட்டிக்கொண்டது.

பாகூர்: தொடக்கூடாத மூலம்

செம்மையாக்கத்தின் எல்லை எது என்று அறியப் பாகூருக்குப் போக வேண்டும். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த பாகூர்ச் செப்பேடுகள், அவ்வூரில் இருந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டதைச் சொல்கின்றன. 9ஆம் நூற்றாண்டுப் பட்டயம் இது. ஹுல்ஷ் இதனை ‘எபிகிராபியா இந்திகா’ 18ஆம் தொகுதியில் பதிப்பித்தார்.

வாசகரைப் பார்த்து நடையை மாற்றும் கலை இந்தச் செப்பேட்டிலேயே இருக்கிறது. பல்லவர் குலப்பெருமை வடமொழிச் செய்யுளில் அலங்காரத்தோடு வருகிறது. நிலத்தின் எல்லைகளைச் சொல்லும் பகுதி தமிழ் உரைநடையில் இருக்கிறது. மன்னனின் புகழைக் கூட்டிக் குறைத்துச் சொன்னால் யாருக்கும் நட்டமில்லை. எல்லை ஒரு முழம் பிசகினால் வழக்கு வரும். வரப்பில் நின்று எல்லை பார்க்கப் போகிறவருக்குப் புரியும் மொழியில், திசை திசையாக அது எழுதப்பட்டது.

பாகூர் மூலநாதர் கோயிலிலும் புதுச்சேரிப் பகுதியின் பிற கோயில்களிலும் உள்ள கல்வெட்டுகளைப் பாகூர் குப்புசாமி திரட்டினார். கோ. விஜயவேணுகோபால் பதிப்பாசிரியராக இருக்க, பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் தூரகிழக்குப் பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியும் அவற்றை வெளியிட்டன: முன்னுரையும் மூலபாடமும் குறிப்புகளும் 2006இல், மொழிபெயர்ப்பும் சொல்லடைவும் 2010இல். ஊர்க்காரர் ஒருவரின் தேடலும் கல்வெட்டறிஞர் ஒருவரின் பயிற்சியும் சேர்ந்து உருவான தொகுதிகள் அவை.

கல்வெட்டுப் பதிப்பில் மூலத்தைச் சுருக்கவோ திருத்தவோ பதிப்பாசிரியருக்கு உரிமை இல்லை. பழைய கல்வெட்டில் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகார வேறுபாடு தெரியாது. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. சிதைந்த எழுத்தை ஊகித்துச் சேர்த்தால் அதை அடைப்புக்குறிக்குள் காட்ட வேண்டும். கல்லில் உள்ள வரிகளின் எண் அச்சிலும் நிற்க வேண்டும். தெளிவுக்காகச் சொல்ல வேண்டியதை எல்லாம் குறிப்பில், முன்னுரையில், சொல்லடைவில் சொல்லலாம். ஆய்வேட்டைத் திருத்துபவரும் இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தாக வேண்டிய இடம் ஒன்று உண்டு. களத்தில் ஓர் உழவரோ மீனவரோ சொன்னது மேற்கோளாக வந்திருந்தால் அதுவும் ஒரு கல்வெட்டுத்தான். “ஏரி ரொம்பறதுக்கு முன்னாடியே தொறந்துடறாங்க” என்றதை “ஏரி நிரம்புவதற்கு முன்பே மதகு திறக்கப்படுகிறது” என்று மாற்றினால், குறை சொன்னவரின் குரல் போய் அலுவலகக் குறிப்பு வந்துவிடுகிறது. பரிந்துபேசுவதாக நினைத்துப் பலர் இதைச் செய்கிறார்கள்.

வில்லியனூர்: நிபுணர் மொழியிலிருந்து ஊர் மொழிக்கு

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாகக் கொண்டு ஒரு தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. நிதி கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தினுடையது. வ. பாலாஜி திட்டத்தை நடத்தினார். அறிவியல் ஆய்விதழ்களின் ஆசிரியராகப் பல்லாண்டு இருந்த சுப்பையா அருணாசலம் உடன் நின்றார். கீழூர், எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் அறிவு மையங்கள் திறந்தார்கள். கீழூர், 1954இல் பிரெஞ்சிந்திய மக்கள் பிரதிநிதிகள் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்த அதே ஊர். எம்பலத்தில் மையம் கோயில் இடத்தில் அமைந்தது; பெண்கள் நடத்தினார்கள். கம்பியில்லா வானொலி இணைப்பும் சூரிய மின்சாரமும் துணை.

இந்த வலையில் வில்லியனூரின் வேலை என்ன? வெளியிலிருந்து வரும் தகவலை ஊருக்கு ஏற்றபடி மாற்றி அனுப்புவது. மதிப்புக்கூட்டு மையம் என்று அதற்குப் பெயர். அரசுத் திட்டங்கள், நெல்லிலும் கரும்பிலும் வரும் பூச்சிநோய்கள், விளைபொருள் விலை, மருத்துவமனை விவரம், பேருந்து நேரம் எல்லாம் தமிழில் தொகுக்கப்பட்டன. ‘நம்ம ஊரு செய்தி’ என்ற இதழும் அங்கிருந்தே வந்தது. திட்டத்துக்கு முன் நடந்த கணக்கெடுப்பில் ஊர்மக்கள் தகவலுக்கு நாடியது கடைக்காரர், சந்தை, இடுபொருள் விற்பவர் ஆகியோரைத்தான் என்று தெரிந்திருந்தது. போட்டி அவர்களோடு. கடைக்காரர் இழுத்துப் பேசினால் வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

வீராம்பட்டின மீனவர்களுக்காக அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இந்த வகை மாற்றத்தில் என்னென்ன முடிவெடுக்க வேண்டும் என்பதை ஒரு கற்பனை முன்னறிவிப்பை வைத்துப் பார்க்கலாம்: “குறிப்பிடத்தக்க அலை உயரம் 2.1 மீட்டர், அலைக்காலம் 8 நொடி, திசை 45 பாகை, செல்லுபடி நேரம் உலகப் பொதுநேரம் 0000.” உலகப் பொதுநேரம் 0000 என்றால் இங்கே காலை ஐந்தரை மணி. 45 பாகை என்றால் வடகிழக்கு. இவை எளிது. கடினம் முதல் சொற்றொடரில் இருக்கிறது. கடலியலில் குறிப்பிடத்தக்க அலை உயரம் என்பது வந்த அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. தனி அலை ஒன்று அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்குகூட எழலாம். சுருக்கம் கருதி “அலை உயரம் 2 மீட்டர்” என்று மட்டும் அறிவித்தால், எதிரில் 4 மீட்டர் அலை வரும்போது கட்டுமரத்தில் இருப்பவர் அறிவிப்பு பொய் என்றுதான் நினைப்பார். “நாளைக் காலை ஐந்தரை மணி நிலவரம். அலை இரண்டு மீட்டருக்கு மேல். வடகிழக்கிலிருந்து வருகிறது. இடையிடையே இதைவிட உயரமான அலையும் வரும்” என்றால் நான்கு வாக்கியம், சராசரி என்ற சொல் இல்லை, சராசரியின் பொருள் இருக்கிறது. காதால் கேட்பவர் பின்னே போய்ப் படிக்க முடியாது என்பதால் நேரம் முதலில் வருகிறது. ஆழத்தைப் பாகம் என்ற அளவில் கணக்கிடும் மீனவருக்கு மீட்டர் அந்நியம் அல்லவா என்று கேட்கலாம். அலைக்கும் ஆழத்துக்கும் ஒரே அளவுச்சொல்லைப் போட்டால் வேறு குழப்பம் வரும். நாள்தோறும் ஒரே அலகில் கேட்டுக் கேட்டு, தாம் கடலில் கண்டதோடு ஒப்பிட்டு, அந்த எண்ணுக்கு மீனவரே பொருள் ஏற்றிக்கொள்வது மேல்.

வேளாண் பரிந்துரையில் அலகு மாறியே தீர வேண்டும். “ஹெக்டேருக்கு 500 மில்லி” என்ற ஒரு பரிந்துரையை வைத்துக்கொள்வோம். புதுச்சேரிக் கணக்கில் 576 சதுர அடி ஒரு குழி. 100 குழி ஒரு காணி. காணி ஏறத்தாழ 0.535 ஹெக்டேர். கணக்குப் போட்டால் காணிக்கு 267.5 மில்லி வரும். மருந்தை மூடியால் அளக்கிறவருக்கு அந்த அரை மில்லி எதற்கு? 270 என்றும் எழுதலாம், 260 என்றும் எழுதலாம். மருந்து விஷயத்தில் கீழே முழுமையாக்குவது பாதுகாப்பு. மேலே காட்டிய மாதிரி வாக்கியத்தின் “பரிந்துரைத்த அளவுக்கு மேல்” என்ற குற்றச்சாட்டு, இப்படி அலகு மாற்றித் தராத தாள்களாலும் வந்திருக்கலாம். ஆய்வாளர் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 காலையில் நல்லவாடு கிராமத்தில், சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த சுனாமி எச்சரிக்கையை அறிவு மையத்து ஒலிபெருக்கியில் சொல்லி ஊரையே அப்புறப்படுத்திய நிகழ்வு பரவலாக அறியப்பட்டது. திட்டத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதையே சொல்வார்கள். செம்மையாக்கம் படிப்பவருக்கு அதைவிடப் பயன்படுவது, யாரும் கவனிக்காத அன்றாட அறிவிப்புகளும் பட்டியல்களும். திட்டம் 2001இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது பெற்றது. அதைப் பற்றி ஆய்வுக்கட்டுரைகளும் வந்தன. வில்லியனூரில் ஒரு வரியில் சொன்னதை அவற்றுள் சில ஒரு பக்கத்துக்கு விரித்தன என்பது வேடிக்கை.

இன்றைய நெருக்கடிகள்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள், ஆய்வேட்டில் பிற நூல்களோடு ஒத்துப்போகும் பகுதி 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை என்கின்றன. திருட்டைத் தடுக்க வந்த விதி நடைக்கு ஒரு பக்கவிளைவைக் கொண்டுவந்தது. விழுக்காட்டைக் குறைக்க, தெளிவாக இருந்த வாக்கியத்தில் சொல்லுக்குச் சொல் வேறு சொல் போட்டு மாற்றுகிறார்கள். “ஏரிப்பாசனம்” “நீர்நிலைசார் நீர்ப்பாய்ச்சல் முறைமை” ஆகிறது. கலைச்சொல்லை மாற்றக்கூடாது, ஒரு பொருளுக்கு முதலில் வைத்த பெயரையே கடைசி இயல் வரை வைக்க வேண்டும். கதையில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் சலிக்கும். ஆய்வில் வேறு சொல் வந்தால் வேறு பொருள் என்று ஆகிவிடும். மேற்கோளுக்கு மேற்கோள்குறி இட்டு மூலத்தைச் சொல்லிவிட்டால் போதும் என்பது பலருக்கு எட்டவில்லை.

கணினி தானே திருத்தித் தரும் வசதியும் வந்துவிட்டது. வாக்கியத்தை அது சுருக்கும். எத்தனை உழவர், எந்தப் பருவம் என்பது மூலப்படியில் இல்லாதபோது அதனால் சொல்ல முடியாது. சொன்னால் அது புனைவு. களக்குறிப்பேட்டைத் திறந்து பார்க்கக் கூடியவர் ஆய்வாளர் ஒருவரே.

யார் எவ்வளவு திருத்தலாம் என்பதில் ஒரே வழக்கம் இல்லை. மொழியையும் அமைப்பையும் பிறர் திருத்துவது பொதுவாக ஏற்கப்படுகிறது; வாதத்தையும் தரவின் விளக்கத்தையும் பிறர் எழுதுவது ஏற்கப்படுவதில்லை. திருத்தியவர் பெயரை நன்றியுரையில் சொல்வது முறை. கட்டணம் வாங்கிக்கொண்டு ஆய்வேட்டையே எழுதித் தரும் கடைகள் தங்களையும் செம்மையாக்குபவர் என்றே சொல்லிக்கொள்கின்றன. நேர்மையான செம்மையாக்குபவரின் படியை அடையாளம் காண வழி உண்டு: ஓரங்களில் கேள்விக்குறிகள் இருக்கும், அவற்றுக்கான விடைகள் ஆய்வாளரின் கையெழுத்தில் இருக்கும்.